ஆல்வின் அளந்த குளம்

காய்ந்த புல்லைக் கசக்கி நீச்சல் குளத்தின் மேல் தூவினார் ஆல்வின். புல் நீரில் விழாமல் காற்றில் பக்கவாட்டில் பறந்துபோனது.

"இந்தப் பக்கம் செடிவேலி இருந்திருக்குமே?"

"பக்கத்து வீட்டுக்காரர் போன மாசம் வெட்டிட்டார்," என்றாள் வீட்டுக்காரி லோர்னா. "குளம் நாப்பத்தஞ்சாயிரம் லிட்டர். அதானே வேணும்?"

"லிட்டரை வெச்சு நான் என்னம்மா பண்றது? சூடு போறது மேல் வழியா, காத்தோட. எந்த மாசம் இறங்குவீங்க, அதைச் சொல்லுங்க."

துவூம்பா ஊரில் நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் வாங்குகிற எல்லோரும் முதலில் லிட்டர்தான் சொல்கிறார்கள். இருபத்தாறு வருடமாக அதை விற்கிற ஆல்வினும் சளைக்காமல் எரிச்சல்படுகிறார். வாய்தான் கொஞ்சம் நீளம். முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பார்க்காமல் ஒரு எண்ணும் சொல்ல மாட்டார். கணக்கெல்லாம் அவர் மனைவி விதைத்து முடித்த காய்கறி விதைக் கவர்களின் பின்பக்கத்தில்.

"ஜூலையில, நடுக் குளிர்காலத்துல. டெஸ்ஸுக்காக."

பக்கவாதத்துக்குப் பிறகு அவள் கணவர் டெஸ்ஸின் வலப்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மருத்துவமனையின் வெதுவெதுப்பான குளத்தில் மட்டும் நாலடி நடந்தார். அதையும் மராமத்துக்காக மூடிவிட்டார்கள்.

ஆல்வின் விதைக் கவரில் ஹீட்டர் இருபத்தெட்டு கிலோவாட் என்று எழுதி, உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்ளோ பெருசை உங்க வீட்டு கரண்ட் லைன் தாங்காது. தினம் சாயங்காலம் உருளையோட கைப்பிடியைச் சுழற்றி, விரிப்பால குளத்தை மூடினா பதினேழே போதும். ஒரு நாள் விட்டாலும் விடியறப்ப தண்ணி சில்லுனு கிடக்கும். யாரு மூடுவா?"

மூட்டுவாதத்தில் வீங்கிய தன் மணிக்கட்டுகளைப் பார்த்தாள் லோர்னா.

"நா... நான்," என்றார் குளத்தோர நாற்காலியிலிருந்து டெஸ்.

"சும்மா இரு. உன் ஷூ லேஸையே நான்தான் கட்டிவிடறேன்."

"அது... ரெண்டு கை வேலைடி."

குளத்தின் நீளத்துக்கும் அளவு நாடா விரிந்து கிடந்தது. அதன் உருளையை ஆல்வின் இறுகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை டெஸ்ஸின் இடது கைப்பக்கம் நீட்டினார். டெஸ் சுற்றினார். பாதியில் மூச்சு வாங்கியது. உதவப் போன லோர்னாவை ஆல்வின் தலையசைத்துத் தடுத்தார். எட்டு மீட்டரும் உள்ளே வந்து, முனை டக்கென்று முட்டி நின்றது.

ஆல்வின் இருபத்தெட்டை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினார். அதன் கீழே எழுதினார்: கைப்பிடி இடது பக்கம்.