வடிவின் பெயர் ஏறிய போர்டு

தாராவியில் ஒரு பெயர் கெட்டுப்போக ஒரு வாக்கியம் போதும். சண்முகவடிவுக்கு அது அவளுடைய சொந்த மாடியிலேயே நடந்தது.

கீழே அவளுடைய ரெக்ஸின் பை தைக்கும் பட்டறை. மேலே தகரத் தரை போட்ட மாடியை, செம்பூரிலிருந்து பைக்கில் வரும் தமிழ்செல்வன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். சாயங்காலம் வகுப்பு நடக்கும்போது மெஷின்களை நிறுத்திவைப்பது அவள் தானாகச் செய்த மரியாதை. அந்த நேரத்தில் மகள் மாரீஸ்வரியோடு தானும் இரும்பு ஏணியேறிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். மகளின் பள்ளிக்கூட மீட்டிங்கில் நாலு வார்த்தை பேசவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆள் முதலில், செயல் அடுத்து, மற்றதெல்லாம் பிறகு என்று தமிழ்செல்வன் போர்டில் எழுதிப்போட்டான். நேற்று என்ன செய்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தான். வடிவு தமிழ் வரிசையிலேயே, "ஐ யெஸ்டர்டே மார்க்கெட் வெண்ட்" என்றாள். யாருக்குத்தான் வராது அந்தத் தப்பு? அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதோடு விட்டானா, அன்றிலிருந்து போர்டில் ஏறும் தப்பு வாக்கியத்துக்கெல்லாம் அவள் பெயரைச் சூட்டினான். வடிவு யெஸ்டர்டே கோ. வடிவு ரைஸ் ஈட். பிள்ளைகள் கோரஸாகச் சொல்லிச் சிரிக்க, சிரிப்பு சந்துக்கும் இறங்கிவந்தது. "வடிவு இங்கிலீஷ் மத் போல்", வடிவு இங்கிலீஷ் பேசாதே என்று கிரிக்கெட் ஆடும் பயல்கள்கூட இந்தியில் ஒருவரையொருவர் கேலி செய்தார்கள்.

கடைசியில் மாரீஸ்வரியே, "மீட்டிங்குக்கு நீ வராதம்மா, அப்பா வரட்டும்" என்றாள். அன்று வடிவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன காலி பண்ணச் சொல்லிருவோம்" என்றான் புருஷன் சுயம்பு.

"போற எடத்துலயும் எம்பேரத்தான எழுதுவான். இங்கனயே கெடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் அவள் வகுப்புக்குப் போகவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். மேலே "வடிவு" என்று கேட்டதும் பெடலை மிதித்தாள். மோட்டார் அலறியது, தகரத் தரை அதிர்ந்தது, அவன் வாயை மூடினான். அவளும் காலை எடுத்தாள். திரும்பவும் "வடிவு", திரும்பவும் மோட்டார். அவன் அந்தப் பெயரை விட்டுவிட்டுப் பார்த்தான், பிள்ளைகள் விடவில்லை. மெஷினை ஓடவைப்பதற்காகவே "வடிவு, வடிவு" என்று கத்தினார்கள். சிரிப்பு இப்போது அவன் பக்கம் திரும்பியிருந்தது. வடிவுக்கு அது தேனாக இனித்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

புது அட்மிஷனுக்காகத் தாய்மார்கள் வகுப்பைப் பார்க்க வந்த அன்று, அவன் ஏணியிறங்கி வந்தான்.

"எக்கா, இன்னைக்கு ஒருநாள் மெஷினத் தொடாதிய. தெரியாமச் செஞ்சுட்டேன்."

"தெரியாமயா செஞ்ச? சரி, தொடல. ஆனா தப்பு வாக்கியம் இனிமே உம்பேர்லதான் இருக்கணும். இன்னைலேருந்தே."

"தாய்மார் முன்னாலயாக்கா?"

"எம்பொண்ணு முன்னால எம்பேர எழுதுனேல்லா."

அவள் கால் பெடல்மேல் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப்போனான்.

சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது. பிறகு கோரஸ்: "தமிழ்செல்வன் யெஸ்டர்டே கோ." அத்தனை குரலுக்கும் மேலே மாரீஸ்வரியின் குரல் தனியாகக் கேட்டது. வடிவுக்குக் கண் கலங்கியது. காலை மட்டும் அவள் பெடலிலிருந்து எடுக்கவில்லை.

"சாரே, கீழ சரியாக் கேக்கல" என்று அண்ணாந்து சொன்னாள். "இன்னொருக்கா."