கரண்டு வைக்க என்ன செலவு?

என் பெரியப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என் வாய்க்கு வராது. வயதில் பெரியவர், போகட்டும் விடு என்று ஊரில் பாதிப் பேர் என்னிடம் சொல்லியாகிவிட்டது. அவர்கள் யாருடைய அம்மாவும் அப்படிச் சாகவில்லை. அதனால் சுலபமாகச் சொல்கிறார்கள்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பாப்பாரப்பட்டியில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். நிலம், கிணறு, புளியமரம், பெட்டிச் சாவி எல்லாம் அவர் கையில். அப்பா அண்ணனுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டார். என்ன கேட்டாலும் "அண்ணன் சொன்னா செரிதான்" என்று முடித்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வருஷம் கேட்டேனோ, இப்போது யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியப்பாவுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. மாட்டுச் சந்தைக்குப் போனால் மூன்று சுற்று சுற்றாமல் மாடு பிடிக்க மாட்டார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ஒவ்வொரு தரகனிடமும் விலை கேட்டு, எல்லாம் கேட்டு முடித்து, சந்தை கலைகிற நேரத்தில்தான் வாங்குவார். மாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கென்ன வந்தது? என் அம்மாவுடைய அண்ணன், என் தாய்மாமா, மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் பெரியப்பா ஏதாவது ஒரு விலை கேட்பார். அங்கே குடை என்ன விலை, சைக்கிள் என்ன விலை, ஒரு தடவை பல்செட் என்ன விலை என்றுகூடக் கேட்டார். வாங்கப்போவதில்லை. சும்மா தெரிந்துகொள்ள. மாமாவும் சளைக்காமல் பதில் எழுதுவார். இந்தக் கடிதங்களையெல்லாம் எழுதுவதும் படிப்பதும் நான்தான். எங்கள் வீட்டில் பெரியவர்கள் கையெழுத்துப் போடுவதோடு சரி. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் தெருவில் மின்சாரக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதே மாதத்தில்தான் அம்மாவுக்கு மாரில் கட்டி என்று தெரிந்தது. எத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தாளோ. அப்பா எப்படியோ சேலத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "மதராசுக்குப் போங்க. கட்டிய எடுத்துட்டுக் கரண்டு வெக்கணும். தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். கதிர்வீச்சு வைப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கரண்டு வைப்பது என்று சொல்கிறோம்.

அன்றைக்கு இரவே கிளம்பியிருக்க வேண்டும். அப்பா வந்து அண்ணன் முன்னால் நின்றார். பெரியப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே யோசித்தார். "மெட்ராசுக்காரன் கேக்கறதக் குடுக்கறதுக்கு நம்ம என்ன ஏமாளிங்களா? ஒலகத்துல அங்க ஒருத்தன்தான் வெச்சிருக்கானா கரண்டு? மலாயாவுல வெள்ளக்காரன் ஆஸ்பத்திரி இருக்குது. கொழும்புல நம்ம தெருக்காரன் கடையில வேல பாக்கறான். ரெண்டு பக்கமும் என்ன செலவுன்னு கேட்டுட்டு, எது தோதோ அங்க போவலாம்."

"அண்ணன் சொன்னா செரிதான்" என்றார் அப்பா.

நான் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அம்மாவுக்கு மாருல கட்டின்னு எழுதட்டுங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். பின்மண்டையில் விழுந்தது ஒரு அடி. "ச்சீ! பொட்டப்புள்ள எழுதற வார்த்தையாடி அது? தபால் ஆபீசுல பிரிச்சுப் பாக்க மாட்டானுங்களா? குடும்ப மானம் கப்பலேறணுமா? கரண்டு வெக்க அங்க என்ன செலவுன்னு மட்டும் எழுது. படிச்சவன், அவனுக்குப் புரியும்."

அப்படியே எழுதினேன். அனைவரும் நலம் என்று ஆரம்பித்து, கரண்டு வைக்க அங்கே என்ன செலவாகும், எத்தனை நாள் பிடிக்கும், விவரம் எழுதவும் என்று முடித்தேன். விமானத் தபாலுக்குக் கூடுதல் தலை ஒட்ட வேண்டும் என்று கப்பல் தபாலில் போடச் சொன்னார். கொழும்புக்கும் அதே வரிகள்தான். கொழும்பிலிருந்து பதிலே இல்லை.

மாமாவின் பதில் வருவதற்குள் கட்டி உடைந்து அம்மாவின் ரவிக்கை நனைய ஆரம்பித்திருந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார, நான் சத்தமாகப் படித்தேன். ஊருக்குக் கரண்டு வந்துவிட்டதா, ரொம்ப சந்தோஷம் என்று ஆரம்பித்திருந்தார். கம்பம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் செலவு குறையும், மீட்டர் பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், சமையலறைக்குக் கட்டாயம் ஒரு விளக்குப் போடச் சொல்லுங்கள், இனிமேல் என் தங்கச்சி மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்து கிடக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

அம்மா சிரித்துவிட்டாள். மாரில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எங்கண்ணன் என் மார்ல மீட்டர் பொட்டி மாட்டச் சொல்லுதுங்க" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "மட்டி மடையன்" என்று மாமாவைத் திட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "அடுத்த லெட்டர்ல நீயே எழுதிப்புடு புள்ள. எனக்குன்னு எழுது. எங்கண்ணன் சும்மா இருக்காது" என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் எழுதவில்லை. பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, வியாதிக்கு வைக்கும் கரண்டைத்தான் கேட்டோம், எலக்ட்ரிக் கரண்டு இல்லை என்று அவர் சொன்னதை எழுதினேன். மறுபடியும் கப்பல் தபால்.

அம்மா அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடைசி ஒரு மாதம் அவள் படுத்த அறைக்குள் நானும் அப்பாவும் மட்டும்தான் போவோம். மற்றவர்களுக்கு நாற்றம் தாங்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் மாமாவின் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, கப்பல் செலவு, தங்குகிற செலவு எல்லாம் விவரமாக எழுதிவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை, அதை எழுதவே இல்லையே என்று கேட்டிருந்தார். நான் படித்து முடித்தேன். பெரியப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மெட்ராசே சல்லீசுதான் போல."

மொட்டையடித்த தலையோடு அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உனக்கு ஒரு நாள் வரும், அன்றைக்குப் பேனா என் கையில்தான் இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பெண் நினைக்கிற நினைப்பா அது என்று கேட்டால், ஆமாம், அதுதான் நினைத்தேன்.

நாள் வந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் நல்லம்பள்ளியில் குடியிருந்தேன், பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெரியப்பா காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். என் வீட்டுக்காரரை வெளியே போகச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஒன்றுக்குப் போகிற இடத்தில் புண், ஆறவில்லை, தருமபுரி டாக்டர் புற்று என்கிறார், கரண்டு வைக்க வேண்டுமாம். எனக்கு வயிற்றுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் பரவியது. மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான்.

"யாருக்கும் தெரியக் கூடாது கண்ணு. சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் சாவணும். மலாயா மாமனுக்கும் கொழும்புக்கும் மட்டும் ஒரு லெட்டர் போடு. கரண்டு வெக்க என்ன செலவுன்னு கேளு. எது தோதோ பாத்துக்கலாம்."

"செரிங்க பெரியப்பா" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். லெட்டர் இல்லை, கார்டு. யார் வேண்டுமானாலும் படிக்கிற திறந்த கார்டு. மலாயாவுக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று, அதியமான்கோட்டையில் அவருடைய சம்பந்திக்கு ஒன்று, பாப்பாரப்பட்டிக்கு அவர் பேருக்கே ஒன்று. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினேன். எங்கள் பெரியப்பாவுக்கு ஆண்குறியில் புற்றுநோய். அங்கே சிகிச்சைக்கு என்ன செலவாகும் என்று தெரிவிக்கவும். சொந்தக்காரர்கள் எல்லோரும் அறியவும். ஒரு எழுத்தும் மறைக்கவில்லை, மலாயாக் கார்டுக்கு விமானத் தபால் தலையை நாலு மூலையும் ஒட்டும்படி அழுத்தி ஒட்டினேன்.

பாப்பாரப்பட்டித் தபால்காரர் டீக்கடையில் பெஞ்சு மேல் கார்டுகளைப் பரப்பி வைத்துத்தான் பிரிப்பார். மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். முகம் கறுத்துக் கிடந்தது. "ஏண்டி இப்பிடிப் பண்ணுன? தெருவுல தல காட்ட முடியலடி! சின்னப் பசங்ககூடச் சிரிக்கறானுங்க!"

"மாமாவுக்குப் புரியணுமில்லீங்க பெரியப்பா. போன தடவ புரியாமப் போயிருச்சு" என்றேன்.

அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பதினைந்து வருஷமாக எனக்காகச் சேர்த்து வைத்திருந்த அந்த ஒரு நிமிஷத்தை நான் நிதானமாக நின்று பார்த்தேன்.

ஆனால் பாருங்கள், நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. கார்டு கிடைத்த அன்றே சம்பந்தி பதறிக்கொண்டு வந்துவிட்டார். வெட்கமாவது மண்ணாவது, உசுருதான் முக்கியம் என்று சத்தம் போட்டார். எட்டாம் நாள் மலாயாவிலிருந்து விமானத் தபால் வந்தது. அங்கே ஆகும் செலவு, கப்பல் செலவு என்று மாமா இரண்டு வரி எழுதிவிட்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருந்தார். இதே மெஷின் மதராசில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் இல்லாதவர்களிடம் காசு வாங்குவதே இல்லை, யார் பதிலுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள் என்று எழுதியிருந்தார். மறுநாள் சம்பந்தி ரயில் ஏற்றிக் கூட்டிப்போனார். கரண்டு வைத்தார்கள். புண் ஆறிவிட்டது. பெரியப்பா கொழுகொழுவென்று திரும்பி வந்தார்.

மானத்தை வாங்க எழுதிய கார்டு உயிரைக் கொடுத்துவிட்டது. எனக்கு அழுகையாக வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

இரண்டு மூன்று வருஷம் கழித்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பெரியப்பாவுக்கு எதிர் வரிசையில் எனக்கு இலை போட்டார்கள். மனுஷன் இப்போது எல்லோருக்கும் முன்னால் என்னைப் புகழ்கிறவராகிவிட்டார். சுற்றிலும் பார்த்து, "எந்தம்பி மக எழுதுன எழுத்துதான் என்னையக் காப்பாத்துச்சு. ஒடச்சு எழுதுனா பாருங்க, எட்டே நாளு. எட்டே நாள்ல வேல முடிஞ்சிருச்சு" என்றார்.

சாம்பார் ஊற்றுகிறவர் என் இலைக்கு வந்திருந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஆமாங்க பெரியப்பா. எட்டே நாளு. அன்னிக்கி எங்கம்மாவுக்கு மார்ல கட்டின்னு எழுதட்டுங்களான்னு நான் கேட்டப்ப நீங்க அடிக்காம இருந்திருந்தா, எங்கம்மாவும் இந்தப் பந்தியில ஒக்காந்திருப்பா."

பந்தி முழுக்கக் கேட்டது. அவர் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா, அவருக்குப் பக்கத்து இலையில் இருந்தவர், முதல் தடவையாக அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார். பெரியப்பா இலையை மூடாமலே எழுந்து கை கழுவப் போனார்.

நான் சாம்பார்க்காரரைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.