மைக் வேண்டாம் என்றவன்

அமீரகத்தில், புஜைராவில் எங்கள் ஆபீஸ் தமிழ்க் குடும்பங்கள் கூடினால் பாடுவது நான்தான். ஸ்பீக்கர் என்னுடையது, மைக் என்னுடையது, செல்போனில் கரோக்கி டிராக்குகள் கொட்டிக் கிடக்கும். "சார், இன்னொண்ணு" என்று யாராவது கேட்கும்வரை சும்மா இருப்பதுபோல் பாவனை செய்வேன். கேட்பார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் ஒரே பட்டம் அது. அதை யாரோடும் பங்கு போடும் உத்தேசம் எனக்கு இருந்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் கூடினோம். எங்கள் செக்ஷனுக்குப் புதிதாக வந்திருந்த கொலம்பியாக்காரனையும் அழைத்திருந்தேன். வினையை நானே விலை கொடுத்து வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் நான் பாடினேன். நல்ல கைதட்டல். என் மனைவி வழக்கம்போல் தட்டுகளில் பிரியாணி போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் ஒரு பழைய கிடாரை எடுத்தான். மைக்கை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினான். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. ப்ளூஸ் பாடப்போகிறேன், ஆனால் என் பாஷையில், ஸ்பானிஷில் என்றான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைப் பாடிப் பாடி உண்டாக்கிய இசை ப்ளூஸ். அது எனக்கும் தெரியும். அதைப் பாட இவனுக்கு என்ன துக்கம்? பெரிய கார், கடலைப் பார்த்த ஃபிளாட், என்னைவிட நல்ல சம்பளம்.

குரலும் ஒன்றும் பிரமாதமில்லை. கரகரத்தது, ஓரிடத்தில் சுருதியே விலகிப் போனது. திருப்தியாக என் மனைவி பக்கம் திரும்பினேன். கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எத்தனை சோகப் பாட்டு பாடியிருக்கிறேன் இவள் எதிரே! ஒரு சொட்டு விழுந்ததில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் அவனைப் பிடித்து அந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். கூச்சத்தோடு சொன்னான். விடிந்துவிட்டது, காப்பி போட்டுவிட்டேன், நீ இல்லை, வந்துவிடு. திரும்பத் திரும்ப இவ்வளவுதான். யாரைக் கூப்பிடுகிறாய் என்றேன். விட்டுப் போனவளை என்றான். அந்தப் பதிலை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காப்பியை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஷூவைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தேன். "நீ அன்னிக்கு அழுதியே ஒரு பாட்டுக்கு, அது என்ன தெரியுமா? காலையில காப்பி போட்டானாம். அவ்ளோதான், கலாஸ். அர்த்தமே தெரியாம அழுதிருக்க."

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இருக்கட்டுமே. யாரையோ கூப்பிடுறாருன்னு தெரிஞ்சுதுல்ல."

"நான் பாடுறதுல இல்லாதது என்ன இருக்கு அதுல?"

"நீங்க நல்லாத்தான் பாடுறீங்க. எல்லாரும் சொல்றாங்களே." சப்பாத்தியைக் கல்லில் போட்டாள். "என்னை யாரும் அந்த மாதிரி கூப்பிட்டதில்லைங்க. அதான் அழுகை வந்துடுச்சு."

ஹாலில் வந்து உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை, அது வந்திருந்தால் தேவலை. நான் அந்தக் கொலம்பியாக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இவளோ அவன் கூப்பிட்ட, முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். ஒரே பாட்டில் இரண்டு பேரும் வெந்திருக்கிறோம். அப்படி நான் இவளை என்னவென்றுதான் கூப்பிடுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'இந்தா', 'இங்க பாரு', 'ஏம்மா'. மகனிடம் என்றால் 'அம்மா எங்கடா'. இவள் பேரை நான் வாய்விட்டுச் சொல்வது விசா கவுன்ட்டரில், அங்கே இருப்பவர் கேட்டால் மட்டும்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன், குரல் பாதியில் பிசிறிவிட்டது.

கல்லில் சப்பாத்தியை அப்படியே போட்டுவிட்டு, மாவுக் கையோடு ஓடி வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னங்க ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?" என்றாள்.