பண்டத்தரிப்பு வழியாகச் சந்திரச் சுற்றுப்பாதை

கடந்த மாசியில் கொழும்பிலிருந்து காலை ரயில் ஏறியது கோயில் குளம் பார்க்க அல்ல. பல்கலைக்கழகத் தோழி தர்சினி போனில், "உனக்கு விண்வெளியைப் பற்றி ஒண்டும் தெரியாதெல்லே? அப்ப நீதான் வேணும்" என்றாள். இவ்வளவு மதித்து என்னை யாரும் அழைத்ததில்லை.

சுன்னாகத்தில் இறங்கி ஓட்டோ. பண்டத்தரிப்பில் தர்சினியின் பள்ளிக்கூடத்துக்கு எட்டு கிலோமீற்றர், தொள்ளாயிரம் ரூபா. பள்ளிக்கூடத்தில் என்ன அலுவல் என்று ஓட்டோக்கார அண்ணை கேட்டார். சந்திரனைச் சுற்றும் விண்கலத்தை நிலையத்தோடு பொருத்தப் போகிறேன் என்றேன்.

"ஓம் ஓம். திரும்பிப் போக நிக்கவோ?"

தர்சினி அங்கே பௌதிகவியல் ஆசிரியை. மாணவிகளோடு சேர்ந்து இரண்டு பழைய கணினிகளில், திரையிலேயே கலத்தை ஓட்டி நிலையத்தோடு பொருத்தும் பயிற்சியை உருவாக்கியிருந்தாள். பள்ளிக்கூட அதிபர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: ஒன்றும் தெரியாத ஒருவர் மூன்று தடவைக்குள் பொருத்த வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்கக்கூடாது. தவறினால் கணினிகள் அலுவலகத்துக்குப் போய்விடும். மாணவிகளின் ஒரு வருட உழைப்பு என் கையில் என்றதும் எனக்கு வியர்த்தது.

திரையில் நிலையம் மேலே, முன்னால். என் கலம் சற்றுக் கீழே, பின்னால். முன்னால் போகிறவரைப் பிடிக்கச் சைக்கிளை மிதிப்பதுபோல வேகத்தைக் கூட்டினேன். கலம் மேலே ஏறிப் பின்தங்கியது. இரண்டாவது தடவை விசையை இன்னும் பலமாக அமத்தினேன், இன்னும் பின்தங்கினேன். தர்சினி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை விசையில் கை வைக்கவும், வெளியே போயிருந்த அதிபர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. "இப்ப எங்கை போகப்போறியள்?" என்றார் சிரித்தபடி.

தர்சினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேட்டுப்போட்டார், சகுனம் சரியில்லை. இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."

"நீர் சயன்ஸ் ரீச்சரெல்லோ?" என்றார் அதிபர்.

நான் குடித்தேன். ஆறுதலாக, முழுச் செம்பையும். திரையில் கலம் தன்பாட்டில் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது! கீழ்ப்பாதையில் ஓடுவதுதான் வேகம் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. கிட்ட வந்ததும் மெல்ல மெல்லத் தட்டி மேலேற்றினேன். பொருந்தியது. மாணவிகள் போட்ட கூச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தண்ணீர் நம்பிக்கையா, தந்திரமா? தர்சினியிடம் கேட்டேன். "குடிச்சனிதானே, பிறகென்ன?" என்றாள்.

அதற்குள் அதிபர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டார். "விலத்துங்கோ, நான் ஒருக்காப் பாக்கிறன்."

போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காலையில் போவது நல்லது. பள்ளிக்கூடம் விட்டபிறகு கதிரை கிடைக்காது, அதிபர் எழும்பமாட்டார்.