மாமா பிடித்த ஏர்

என் தாய்மாமாவைப் பற்றிப் பேச வரச் சொல்லிப் போன வாரம்கூட அழைத்தார்கள். கிராமத்து வாழ்வைப் பாடிய பெருங்கவிஞராம். ஒரே புத்தகத்தோடு ஏன் நிறுத்திக்கொண்டார் என்று குடும்பத்தில் ஒருத்தி சொன்னால் நன்றாக இருக்குமாம். உடம்பு சரியில்லை என்று தப்பித்துக்கொண்டேன். காரணம் நான்தான் என்பதை மைக் முன்னால் எப்படிச் சொல்வது?

மாமா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லிங் மிஷின் பிடித்தவர். பிறந்து வளர்ந்ததே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும், அன்றைக்கு மனசில் கட்டிய வரிகளை எனக்குத்தான் முதலில் சொல்லிக்காட்டுவார். நாற்று, வரப்பு, மடை திறந்த தண்ணீர், எல்லாம் அதில் வரும். நான் தலையாட்டினால்தான் நோட்டில் ஏறும். ஒன்பது வயதில் எனக்கிருந்த மிடுக்கைக் கேட்காதீர்கள்.

புத்தகம் பேர் வாங்கியதும் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். வயலில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். எங்கள் பக்கம் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுதான் உண்டு, வயலுக்கு எங்கே போவது? மாமா யாரையோ கெஞ்சி, பங்காருப்பேட்டைப் பக்கம் ஒரு தெலுங்குக்காரர் நிலத்துக்கு அவரைக் கூட்டிப்போனார். அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஏரைப் பிடிக்கச் சொன்னார் பத்திரிகைக்காரர். மாமா காலை அகட்டி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, நெஞ்சை அதன்மேல் சாய்த்து நின்றார். பாறையைத் துளைக்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். நிலத்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த நாசூக்கு ஏது?

"மாமாவுக்கு ஏரெல்லாம் தெரியாதுங்க சார். அவங்க சொந்த கிராமத்தையே பாத்ததில்ல. சுரங்கத்துக்குள்ள கேஜ் லிப்டுல கீழ போய் யோசிக்கிறதுதான் எல்லாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும்தான்.

திரும்பும் ரயிலில் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார்.

"நான் சொல்றதெல்லாம் பொய்யின்னு தோணுதாம்மா உனக்கு?"

யோசிக்கவேயில்லை, பாவி. "ஆமா மாமா" என்றேன்.

சரி என்பதுபோல் என் தலையைத் தடவினார். பத்திரிகைக்காரர் அதையெல்லாம் பெருமையாகத்தான் எழுதினார். காணாத வயலைப் பாடியவர் என்று இன்னும் கொண்டாடினார்கள். மாமா அதைப் படித்ததாகக்கூட நினைவில்லை.

சுரங்கத்தில் வெளிச்சமே எட்டாத லெவலில் நாளெல்லாம் நிற்கிறவருக்கு அந்த வயல் எவ்வளவு நிஜம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த வயலுக்குள் அவர் என்னை மட்டும்தான் கூட்டிப்போனார் என்பதும் தெரியாது. மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் வரி எதுவும் சொல்லவில்லை. அப்பாடா, இனிமேல் சீக்கிரம் விளையாடப் போகலாம் என்று நான் சந்தோஷமாக ஓடினேன்.