பல்லியின் இடது கால்

கட்டடம் எழும்பும் இடங்களில் அவனுக்குப் பல்லி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. அவன் தொழில் சாரம் கட்டுவது. கொத்தனாரும் பெயிண்டரும் நின்று வேலை பார்க்க வேண்டுமே, அதற்காகச் சுவரை ஒட்டி இரும்புப் பைப்புகளால் கூடு எழுப்பிக்கொண்டே போக வேண்டும். உச்சித் தட்டில், குறுகலான பலகையில் நின்று, கீழ்த்தட்டிலிருந்து ஏறி வரும் பைப்பை எட்டி வாங்குவான். அந்த நேரத்தில் கண் பைப்பின் மேல் இருக்கும். கால் எங்கே இருக்கிறது என்பதைக் கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமும் அது பார்த்துக்கொண்டது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலைக்கு அவ்வளவு கனம் தாங்கும்.

இப்பேர்ப்பட்ட கால் மருந்துக் கடைப் படியில் பிசகியது. ஒரே ஒரு படி! மனைவியின் தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, கடைக்காரரை ஏதோ கிண்டலடித்தபடி இறங்கினான். இடது பாதம் உள்பக்கமாக மடிந்தது. வீடு வந்து சேர்வதற்குள் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மனைவிக்குத் தலைவலி போன இடம் தெரியவில்லை.

எலும்பு தப்பியது. மூட்டைப் பிடித்து நிறுத்தும் நார்தான் கிழிந்திருந்தது. வீக்கம் வடிந்த பிறகு பிசியோதெரபி அம்மா அவன் கணுக்காலைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார். எழுந்து நின்றவனுக்கு முகமெல்லாம் பல். கால் திரும்பக் கிடைத்துவிட்டது போல இருந்தது.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க," என்றார் அந்த அம்மா. "கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூட்டு உள்ளேயிருந்து சேதி சொல்லிக்கிட்டே இருக்கும். நார் கிழிஞ்சதுல அந்தச் சேதி மங்கிப்போச்சு. டேப் தோலை இழுத்துப் பிடிக்கறதால இப்போதைக்குக் கொஞ்சம் ஞாபகப்படுத்துது, அவ்வளவுதான். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவாது. வேர்த்தா தளர்ந்துடும். தினமும் ஒத்தக் கால்ல நின்னு பழகுங்க. கண்ண மூடிக்கிட்டு ஆடாம நிக்கற வரைக்கும் உசரத்துல ஏறாதீங்க."

பல்லியின் காதில் விழுந்தது டேப் மட்டும்தான். எப்படி ஒட்டுவது என்று மனைவி பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவள் துணி தேய்க்கும் கடையில் வேலை செய்பவள். சுருக்கம் விழாமல் ஒட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. வேலைக்குப் போயே தீருவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். நிஜமாகவே ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் மட்டும் எரிச்சல் வந்தது.

"கொக்கு கூட நிக்குதுங்க. நீங்க கொஞ்ச நேரம் நிக்கக் கூடாதா?" என்பாள் அவள்.

"கொக்குக்கு வேற வேலை இல்லை. எனக்கு இருக்கு."

ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில், குளித்துவிட்டு, டேப் இல்லாத காலில் நின்று பார்த்தான். கண்ணைத் திறந்திருந்தவரை பழுதில்லை. கண்ணை மூடியதும் இடது காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது; பீரோவில் போய் மோதினான். இதை யாரிடமாவது சொன்னால் கீழே நிறுத்திவிடுவார்கள். பல்லியைத் தரையில் நிறுத்தினால் அப்புறம் அவன் யார்? யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுபடி சாரத்தில் ஏறினான். டேப் புதிதாக இருக்கும் காலை நேரம் எப்படியோ ஓடியது. மத்தியானம் வேர்வையில் அது தளரும்போது காலும் கைவிட்டது. அடிக்கொரு தரம் குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டான். இன்னும் இறுக்கி ஒட்டு என்று மனைவியை நச்சரித்தான். இறுக்கினதில் பாதம் மரத்துப்போனதுதான் மிச்சம்.

கீழ்த்தட்டில் நின்று பைப் ஏற்றிக் கொடுப்பவன் அவனுடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. நல்ல வேலைக்காரன். ஆனால் கொஞ்ச நாளாக அவனிடமும் ஒரு கோளாறு வந்திருந்தது. பைப்பைக் கொடுத்த கையோடு பக்கவாட்டில் ஒதுங்கிவிட வேண்டும். மேலே நிற்பவனுக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. சாரத்தில் ஏறும் எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தரும் சங்கதி இது. மச்சினன் ஒதுங்கவில்லை. பல்லி பலகையில் நகர்ந்தால் அவனும் கீழே கூடவே நகர்ந்தான்.

"டேய், ஒதுங்குடா! மண்டைய உடைச்சுக்கப் போறியா?"

"சரி மாமா," என்பான். ஓரடி தள்ளுவான். அடுத்த பைப்புக்குள் மறுபடி நேர் கீழே வந்து நிற்பான். பல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய திட்டாகத் திட்டினான். ஒன்றும் பலிக்கவில்லை.

அன்றைக்கு நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேல் ஒரு நீளப் பைப் ஏறி வந்தது. பல்லி எட்டி வாங்கினான். முழுப் பாரமும் கைக்கு வந்த அந்த நொடியில் இடது கால் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கீழே இறக்கினான். பாதி பாதம் பலகைக்கு வெளியே இருந்தது. அதை உள்ளே இழுப்பதற்குள் கணுக்கால் மடிந்தது. இடுப்பு பெல்ட் அவனைப் பிடித்துத் தொங்கவிட்டது. பைப்புக்கு ஏது பெல்ட்?

ஹெல்மெட் இருந்ததால் மச்சினனின் தலை தப்பியது. வலது தோள் நொறுங்கியது. எலும்பு கூடிவிடும், ஆனால் கை தலைக்கு மேல் தூக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

தேய்ப்புக் கடையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். தம்பியின் கட்டிலருகே நின்று, "எப்படிடா ஆச்சு?" என்றாள்.

"என் தப்புதான்க்கா. குடுத்துட்டு ஒதுங்காம நின்னுட்டேன். மாமா எத்தனை தடவ சொல்லியிருக்காரு."

மேஸ்திரியிடமும் அவன் இதையேதான் சொல்லியிருந்தான். மேஸ்திரியும் நம்பிவிட்டார். பல்லி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். அவனால் முடியவில்லை.

"அவன் சொல்றத நம்பாதே," என்றான் மனைவியிடம். "பைப்ப விட்டது நான். என் கால் எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியல. மத்தியானமானா தினமும் இப்படித்தான். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவள் கத்துவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க மறைச்சீங்க? தினமும் அந்தக் காலைத் தொட்டு டேப் ஒட்டறவ நான். பாதத்தைப் பாத்துப் பாத்துப் படி இறங்குறீங்களே, எனக்குக் கண்ணு இல்லையா? சொன்னா கேக்கற ஆளா நீங்க? அதனாலதான் இவன்கிட்ட சொன்னேன். மாமாவுக்கு நேர் கீழயே நில்லுடா, சாஞ்சா தாங்கிப் பிடிச்சுக்கோன்னு. நீங்க விழுந்துடுவீங்களோன்னு மட்டும்தாங்க பயந்தேன். கையில இருக்கறது விழும்னு எனக்குத் தோணவே இல்லையே!"

மச்சினன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அத ஏன்க்கா சொன்ன?" என்றான்.