பச்சை மலை இல்லாத கொம்பியூட்டர்

உப்பில் ஊறிய பெட்டிகள்

மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து முதலில் மணல் கொட்டியது. பிறகு காய்ந்த மீன்குஞ்சு ஒன்று விழுந்தது. சுனாமி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. களுவாஞ்சிக்குடியிலிருந்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்த கொம்பியூட்டர்களைப் புளியந்தீவில் நான் வேலை செய்த கடையின் வாசலில் இறக்கிவைத்தார்கள்.

கொண்டுவந்தவர் பத்மா அக்கா. கடற்கரைப் பக்கமாகச் சிறியதொரு டைப்பிங் கடையும், அதற்குள்ளேயே கொம்பியூட்டர் வகுப்பும் நடத்தியவர். கணவர் இல்லை. ஏன் இல்லை என்று அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

நான் யோகேஸ்வரி. கொம்பியூட்டர் டெக்னீசியன். கடைக்கு வருகிறவர்கள் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கும் என்னைப் பார்த்தபடியே, "திருத்துற ஆள் இல்லையா?" என்று கேட்பார்கள். "நான்தான் ஆள்" என்று பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது. இப்போது வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டேன். வாய்க்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

எங்கள் முதலாளி காத்தான்குடிக்காரர். ஹாஜியார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பெட்டிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"மகள், இத இனிப் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

பத்மா அக்கா அழவில்லை. கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். "ஏலாதெண்டா இப்பவே சொல்லிருங்க ஹாஜியார். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் வந்து கேட்டுட்டுப் போயிருக்கான். புள்ளையள அக்காட்ட விட்டுட்டுப் போறதுதான் மிச்சம்."

எனக்குச் சுருக்கென்றது. என் சின்னம்மா அப்படிப் போனவர். அவர் திரும்பி வந்த அன்று அவருடைய சின்ன மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆர் இவ?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"வச்சிட்டுப் போங்க அக்கா," என்றேன். ஹாஜியார் என்னை முறைத்தார். அவருடைய சொந்தக்காரரும் கடற்கரையில் வீடு வாசலை இழந்து அவர் வீட்டில்தான் இருந்தார்கள். அதனாலோ என்னவோ, வேண்டாம் என்று சொல்லவில்லை.

குடல் இல்லாத கொம்பியூட்டர்

கடல் தண்ணீர் பட்ட போர்டில் உப்பை விட்டுவைத்தால் அது கம்பியைத் தின்றுவிடும். எனவே போர்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல்லுத் தூரிகையால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கடைக்குப் பின்னால் பாய் விரித்துக் காயவைத்தேன். கருவாடு காய்வது போலத்தான் கிடந்தன. ஹாஜியார் எட்டிப் பார்த்துவிட்டு, "காகம் வரும், பக்கத்தில ஒரு ஆள வை மகள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில போர்டுகள் செத்துப்போயின. சிலவற்றுக்கு உயிர் வந்தது. பவர் சப்ளை, சீடி டிரைவ், டிஸ்கெட் டிரைவ் எல்லாவற்றையும் ஹாஜியாரின் பழைய சாமான் அறையிலிருந்து பொறுக்கிப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒன்றுகூடத் தேறவில்லை. அந்த அறையிலும் இல்லை, புதிது வாங்க பத்மா அக்காவிடம் வழியும் இல்லை.

அப்போதுதான் ஒரு கொம்பியூட்டர் சஞ்சிகையோடு இலவசமாக வந்திருந்த சீடி நினைவுக்கு வந்தது. லினக்ஸ். லைவ் சீடி என்பார்கள். ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். சீடியைப் போட்டால் அதிலிருந்தே கொம்பியூட்டர் இயங்கும். விளையாட்டாக ஒருமுறை ஓட்டிப் பார்த்ததோடு மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டிருந்தேன். இப்போது எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சீடி டிரைவ் நெடுநேரம் உறுமியது. பிறகு திரையில் மெனு, கடிகாரம், எழுத்துவேலைக்கு ஓப்பன் ஆபிஸ், எல்லாம் வந்து நின்றன.

ஹாஜியார் திறந்து கிடந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "ஸுப்ஹானல்லாஹ்! குடல் இல்லாம சோறு தின்னுது மகள் இது!"

அதில் ஒரு தொல்லை இருந்தது. மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும். எங்கள் ஊரில் எல்லாரும் தட்டிப் பழகிய தமிழ் ஃபொண்ட்டும் அந்தச் சீடியில் இல்லை. ஆகவே ஃபொண்ட்டை ஒரு பிளொப்பி டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்தேன். பத்மா அக்கா காலையில் கடை திறந்து, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, பிறகு ஒவ்வொரு கொம்பியூட்டராகப் போய் டிஸ்கெட்டைப் போட்டு ஃபொண்ட் ஏற்றுவார். மத்தியானம் கரண்ட் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பிள்ளைகளுக்கு அவர் படிப்பித்த முதல் பாடமே, தட்டியதை உடனுக்குடன் டிஸ்கெட்டில் சேவ் பண்ணுவதுதான். பாஸ்போர்ட் அலுமாரிக்குள் போனது.

"இது ஆருட வயல்?"

கடை திறந்தது, சனம் வரவில்லை. சரியாகச் சொன்னால், வந்து திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பம் அடிக்க வந்த ஒருவர் சொல்லியே விட்டார்.

"இதுல பச்சை மலை இல்லையே தங்கச்சி. இது ஒறிஜினல் இல்ல போல."

அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் கொம்பியூட்டர் என்றால் நீல வானமும் பச்சை மலையும் தெரிய வேண்டும். விண்டோஸோடு வரும் படம் அது. மற்றக் கடைகளில் இருந்ததெல்லாம் கொப்பி அடித்த சீடி. அது ஒறிஜினல், காசில்லாமல் முறைப்படி கிடைத்த எங்களுடையது கள்ளச் சாமான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கோபத்தோடு ஒருவரிடம் கமரா இரவல் வாங்கி, தோணியில் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போனேன். பச்சைப் பசேலென்று விளைந்து கிடந்த ஒரு வயல் வட்டையைப் படமெடுத்து, அதைத் திரையில் போட ஏற்பாடு செய்தேன். நெல்வயலைக் கண்டால் எங்கள் ஆட்களால் பேசாமல் போக முடியாது.

"இது ஆருட வயல்? நல்லா விளைஞ்சிருக்கே."

"இருங்க, சொல்றன்," என்பார் பத்மா அக்கா. இருந்தவர் கடிதத்தை அடித்துக்கொண்டுதான் எழும்புவார். வயல் யாருடையது என்று இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பிறகு கிழக்கில் மறுபடி சண்டை வந்தது. கடை மூடியும் திறந்தும் ஓடியது. இதற்கிடையில் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் சேர்ந்தன, லினக்ஸை நிரந்தரமாகவே போட்டுக் கொடுத்தேன். மற்றக் கடைகளில் வைரஸ் வந்து கொம்பியூட்டர்கள் மாறி மாறிப் படுத்தபோதும் பத்மா அக்காவின் கடை படுக்கவில்லை.

கண்ணாடிக் கதவு

யுத்தம் முடிந்த கையோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட ஒரு பயிற்சி நிலையம் திறந்தார்கள். எல்லாம் புத்தம் புதிய கொம்பியூட்டர். பத்மா அக்காவின் மாணவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்தார்கள். ஏஜென்ட் மறுபடி வந்தான். பாஸ்போர்ட் அலுமாரியிலிருந்து வெளியே வந்தது.

"பெரியவள் மேல படிக்கக் கம்பஸுக்குப் போகோணும் யோகா. நான் குவைத்துக்குப் போனாத்தான் அவள் போவாள்," என்றார்.

அந்த நேரம்தான் ஒரு உதவித் திட்டக்காரர்கள் பெண்களுக்குக் கொம்பியூட்டர் பயிற்சி கொடுக்க இடம் தேடினார்கள். எதிர்க்கடை அல்லது இந்தக் கடை, இரண்டில் ஒன்று. கிடைத்தால் கடை நிற்கும், பத்மா அக்காவும் பிள்ளைகளோடு இருப்பார். கிடைக்காவிட்டால் குவைத்.

அவர்கள் பார்க்க வரும் நாளில் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எல்லாத் திரையிலும் பச்சை மலை. கீழே விண்டோஸ் போலவே நீலப் பட்டை. எங்கேயோ தேடி எடுத்து, தானே எல்லாவற்றையும் மாற்றிவைத்திருந்தார்.

"என்னக்கா இந்த வேசம்?"

"வாய மூடிக்கொண்டு இருகா. விண்டோஸ்தான் வேணுமெண்டு சொல்லுவாங்களாம். பாத்தா ஆருக்கு விளங்கப் போகுது?"

"தொட்டா விளங்கும்!"

எங்கள் சண்டை முடிய முன்பே வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் சிவநேசன் சேர். திட்டத்துக்கு இடம் தெரிவு செய்யும் அதிகாரி. எதிர்க்கடையைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். முகம் நன்றாக இல்லை. பென் டிரைவை நீட்டினார்.

"பாடத்திட்டத்த ஒரு பிரின்ட் எடுக்கோணும். அங்க போட்டன், ஒண்டும் திறக்குதில்ல."

தானே உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். ஒன்றிரண்டு இடம் தட்டினார். கை நின்றது.

"இது விண்டோஸ் இல்லையே. என்னம்மா, என்னப் பேய்க்காட்டுறீங்களா?"

பத்மா அக்கா எனக்குப் பின்னால் ஒதுங்கினார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஓம் சேர், இது லினக்ஸ்," என்றேன். "மேல பூசினதுதான் விண்டோஸ். பூசினது பிழைதான். ஆனா எழும்ப முன்னம் உங்கட பென் டிரைவத் திறந்து பாருங்க."

திறந்தார். எதிர்க்கடையில் திறக்காத ஃபோல்டர்கள் எல்லாம் முழுசாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சின்ன புரோகிராம் குந்திக்கொண்டிருந்தது.

"அதுதான் சேர் வைரஸ். ஃபோல்டர ஒளிச்சுப்போட்டு, தான் ஃபோல்டர் மாதிரி நிக்குது. விண்டோஸில நீங்க தட்டினது அதத்தான். லினக்ஸில அதுக்கு ஒளிக்கவும் தெரியாது, ஓடவும் தெரியாது."

"அப்ப என்ட பாடமெல்லாம் இருக்கா?"

"ஒண்டும் போகேல்ல."

வைரஸை அழித்தேன். பிரின்டர் கரகரவென்று பாடத்திட்டத்தைத் துப்பியது. சிவநேசன் சேர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இனிக் கேள்விகள்.

"லைசென்ஸ்? எங்கட ஆக்கள் கட்டாயம் கேப்பாங்க."

"இலவசம் சேர். களவில்ல," என்றேன்.

"சரி. நாளைக்கு இந்தப் புள்ளையள் வேலைக்குப் போற இடத்தில விண்டோஸ் இருந்தா தடுமாறமாட்டாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பத்மா அக்கா முன்னுக்கு வந்தார். அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நின்ற மனுசி.

"சேர், சுனாமிக்குப் புறகு ஹார்ட் டிஸ்க் இல்லாத கொம்பியூட்டரில படிப்பிச்சவ நான். கரண்ட் போனா எல்லாம் அழியும். அதில படிச்சவளுகள் ஒண்டையும் சேவ் பண்ணாம எழும்பமாட்டாளுகள், ஒண்டு திறக்காட்டி ஏனெண்டு தேடுவாளுகள். இப்ப அரசாங்கக் கச்சேரியிலயும் வங்கியிலயும் விண்டோஸிலதான் வேலை செய்யிறாளுகள். ஒருத்தியும் தடுமாறேல்ல."

சிவநேசன் சேர் சிரித்தார். "அப்ப ஏனம்மா இந்தப் பச்சை மலை? எடுங்க அத. வகுப்பு இஞ்சதான்."

பத்மா அக்கா அப்போதுதான் அழுதார். நானும்தான்.

இளம் டெக்னீசியன்களுக்கு

அதன் பிறகு ரோட்டோரம் முழுக்க டைப்பிங் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்கள். "பத்மா அக்காட கடையில போட்டதப் போடுங்க" என்பார்கள். லினக்ஸ் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடங்களும் கேட்டன. கடைசியில் ஹாஜியாரே தன் மேசைக் கொம்பியூட்டரைக் காட்டி, "இதுக்கும் அந்தக் குடல் இல்லாதத ஏத்து மகள்," என்றார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நம்பி ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் அதன் பெயரைச் சொல்லியே கொடுங்கள். இன்னொன்றின் சட்டையை மாட்டிவிட்டால், அது செய்த நல்ல வேலைக்கும் பெயர் சட்டைக்குத்தான் போகும்.

பயிற்சி தொடங்கிய நாள் நானும் அங்கே இருந்தேன். இடம் போதாமல் வாசல் வரைக்கும் கதிரை போட்டிருந்தது. ஏஜென்ட் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையை உள்ளே நீட்டினான்.

"அக்கா, டிக்கெட் போடவா?"

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பத்மா அக்கா சோக்கைக் கீழே வைக்கவில்லை.

"வேணாம் தம்பி. உங்கட்ட பாஸ்போர்ட் குடுத்து வச்ச மற்றப் பொம்பிளையளும் இஞ்சதான் இருக்காளுகள், பாருங்க. எல்லாற்ற பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்து குடுத்துட்டுப் போங்க."